யாருடைய பட்டியல்? ஸ்ரீவைகுண்டத்துக் கோட்டையை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

ஸ்ரீவைகுண்டத்தில் பழைய கட்டிடங்களுக்குக் குறைவில்லை. நவதிருப்பதிகளில் முதலாவதாகச் சொல்லப்படும் கள்ளப்பிரான் கோயில் இருக்கிறது. நவகைலாயங்களில் ஒன்றான கைலாசநாதர் கோயில் இருக்கிறது. தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு இருக்கிறது; வெள்ளைக்காரன் காலத்தில், 1870களில் முடிந்த வேலை. தெருக்களில் தார்சாவும் பட்டாசலும் மச்சுமாகச் சில காரைவீடுகள் இன்னும் மிச்சம். ஆற்றுக்குத் தென்கரையில் கொஞ்சம் மேற்கே போனால் ஆதிச்சநல்லூர்ப் பரம்பு. இவை போக, ஊருக்குள்ளேயே 'கோட்டை' என்று ஒன்று இருந்தது. ராஜா கட்டிய கோட்டை அல்ல. அகழி, கொத்தளம், பீரங்கி மேடை என்று எதுவும் கிடையாது. ஒரு சாதி, தன் பெண்களை உள்ளே வைத்துச் சுற்றி எழுப்பிய மண்மதில்.

இந்த ஊரில் வரலாற்றுச் சின்னம் எது என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். கோயில் என்பார்கள். கொஞ்சம் படித்தவர் ஆதிச்சநல்லூர் என்பார். பொதுப்பணித்துறையில் வேலை பார்த்தவர் அணைக்கட்டு என்பார். கோட்டையைச் சொல்பவர்கள் குறைவு. சொன்னாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டோ, 'அதெல்லாம் அந்தக் காலம்' என்று கையை வீசிக்கொண்டோதான் சொல்வார்கள். அந்தத் தாழ்ந்த குரலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஒரு ஊர் தன் கட்டிடங்களில் எதைத் தன் வரலாறு என்று எழுதிக்கொள்கிறது, எதைக் கரைய விடுகிறது, அந்தப் பட்டியலைப் போடுகிற கை யாருடைய கை என்ற கேள்விகள் கட்டிடக்கலை சம்பந்தப்பட்டவை மட்டுமல்ல. அவை அதிகாரம் சம்பந்தப்பட்டவை.

2

பழைய கட்டிடங்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே நம் படிப்பாளிகள் ஒரு வசனத்தைத் தவறாமல் சொல்வார்கள்: 'வெள்ளைக்காரன் ஊரைப் பாருங்க, கடைத்தெருவில ஒரு ஜன்னலைக்கூட மாத்த விடமாட்டான்.' இது பொய்யில்லை. ஸ்காட்லாந்தில் ஏறத்தாழ 47,000 கட்டிடங்கள் அரசுப் பட்டியலில் இருக்கின்றன. அவற்றை ஏ, பி, சி என்று மூன்று தரமாகப் பிரித்திருக்கிறார்கள். சின்னஞ்சிறு ஊர்களின் பிரதான வீதியில்கூடச் சர்ச், வங்கி, பழைய சிறை, மளிகைக் கடை, குடியிருப்பு வீடு என்று வரிசையாகப் பட்டியலில் ஏறியிருக்கும். பட்டியலில் ஏறிவிட்டால் வெளிச்சுவர் மட்டுமல்ல, உள்ளே இருக்கும் மாடிப்படியும் சேர்ந்து பாதுகாக்கப்பட்டதாகிவிடும். சொந்தக்காரரே ஆனாலும் அனுமதியில்லாமல் கட்டிடத்தின் தன்மையை மாற்ற முடியாது.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அது காலங்காலமான பண்பாட்டு உணர்விலிருந்து முளைத்ததல்ல. பிரிட்டனில் 1882இல் வந்த முதல் சட்டம் பெரும்பாலும் வரலாற்றுக்கு முந்தைய கல்வட்டங்களையும் கல்லறை மேடுகளையும் பற்றியது. வீடுகளும் கடைகளும் பட்டியலுக்கு வந்தது இரண்டாம் உலகப் போரின்போது. குண்டு விழுந்த நகரங்களில் எதை இடித்துத் தள்ளலாம், எதை முட்டுக் கொடுத்து நிறுத்தலாம் என்று கட்டிடக் கலைஞர்கள் தெருத்தெருவாகப் போய்க் குறிப்பெடுத்தார்கள். அந்தக் குறிப்புகளின் பழக்கத்திலிருந்துதான் 1944, 1947ஆம் ஆண்டுச் சட்டங்களின் பட்டியல்கள் உருவாயின. ஆக, பட்டியல் என்பது பிறப்பிலேயே 'எதை இடிப்பது' என்ற கேள்விக்கான பதில். காப்பதற்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கை அதே நேரத்தில் இடிப்பதற்கும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்று ஒரு ஊர். நூல் உற்பத்தியால் கொழுத்த ஊர். அதன் பிரதான வீதியிலும் அக்கம்பக்கத்திலும் நிற்கிற அருங்காட்சியகம், வானாய்வுக்கூடம், 1894இல் திறக்கப்பட்ட பிரம்மாண்டமான நினைவுத் தேவாலயம் எல்லாம் நூல் முதலாளிகளான கோட்ஸ் குடும்பத்தார் கொடுத்த பணத்தில் எழுந்தவை. நமக்கு அந்நியமான பெயரல்ல இது. ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி என்ற ஸ்காட்லாந்துச் சகோதரர்கள் 1880களில் நம் தாமிரபரணித் தண்ணீரை நம்பி அம்பாசமுத்திரத்தை ஒட்டி ஒரு மில்லும், பிறகு தூத்துக்குடியில் கோரல் மில்லும், 1892இல் மதுரையில் ஒரு மில்லும் தொடங்கினார்கள். அந்த மதுரா மில்ஸ் 1974இல் கோட்ஸோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆயிற்று. 1908 பிப்ரவரி 27ஆம் தேதி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டவை கூலி உயர்வு, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, விடுப்பு. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றார்கள். மார்ச் 12இல் கைதானார்கள்.

பெய்ஸ்லியின் வீதி இன்றும் அழகாக நிற்கிறது. அதன் கட்டிடங்களைப் பற்றிய குறிப்புகளில் கல் எங்கிருந்து வந்தது, வரைபடம் போட்டவர் யார், கோபுரத்தின் பாணி எது என்பதெல்லாம் இருக்கும். நூற்றவர்கள் பற்றி ஒரு வரி இருக்குமா? கள்ளப்பிரான் கோயில் தலபுராணத்தில் காலதூஷகன் என்ற திருடன் வருகிறான். களவாடியதில் பாதியைப் பெருமாளுக்குக் காணிக்கையாகப் போடுவான். ராஜாவின் ஆட்கள் பிடிக்க வந்தபோது பெருமாளே திருடன் வடிவத்தில் போய் நின்றாராம், அதனால்தான் 'கள்ளப்பிரான்'. ஊருக்கு ஊர் கோயில், சர்ச், பள்ளிக்கூடம் கட்டிய கொடைவள்ளல்களின் வரலாற்றை வாசிக்க இதைவிட நல்ல கையேடு கிடைக்காது. பாதியைக் கொடுத்துவிட்டால் மீதிப் பாதியைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

ஆகவே, 'வெள்ளைக்காரனைப் பார்' என்பவர்களோடு நமக்குப் பாதி உடன்பாடுதான். சாதாரண வீட்டையும் கடையையும்கூட வரலாறு என்று ஒத்துக்கொண்டார்கள் பாருங்கள், அதைக் கற்றுக்கொள்ளலாம். கட்டிடத்தை வைத்துக்கொண்டு உழைப்பை மறந்துவிடுகிற வித்தையைக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. அது நமக்கு முன்னாலேயே நன்றாகத் தெரியும்.

3

நம் பக்கத்துப் பட்டியலின் கதை வேறு. 1904இல் கர்சன் காலத்தில் பழஞ்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1958இல் மத்திய அரசின் சட்டம், 1966இல் மாநில அரசின் சட்டம். கோயில்களுக்கு 1959ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டம் தனி. 2012இல் தமிழ்நாடு சட்டமன்றம் மரபு ஆணையத்துக்கென்று ஒரு சட்டம் நிறைவேற்றியது. ஆணையம் வராமல் அது ஆண்டுக்கணக்கில் ஏட்டிலேயே கிடந்தது. சென்னையில் மட்டும், பாரத் இன்சூரன்ஸ் கட்டிடத்தை இடிக்க முனைந்ததை ஒட்டி வழக்குகள் நடந்து, 2010இல் உயர்நீதிமன்றத்தின் தலையீட்டால் நானூறுக்கு மேற்பட்ட கட்டிடங்கள் பேச்சுக்கு வந்தன. தலைநகரத்துக்கு வெளியே, ஒரு தாலுகாத் தலைநகரின் கடைத்தெருவுக்கு இந்தச் சட்டங்களில் இடமே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். இவற்றின் கண்ணில் 'சின்னம்' என்றால் ஒன்று கடவுள் குடியிருக்க வேண்டும், அல்லது ராஜா குடியிருந்திருக்க வேண்டும், அல்லது எல்லோரும் செத்துப்போயிருக்க வேண்டும்.

ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதிச்சநல்லூர் மத்தியத் தொல்லியல் துறையின் கையில். 114 ஏக்கர் இடுகாடு. 1876இல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் தோண்டி எடுத்ததைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899இலிருந்து சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ தோண்டியவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. 2004-05இல் மறுபடி தோண்டி நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தாழிகளைக் கண்டார்கள். அறிக்கை வருவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று, அதுவும் நீதிமன்றம் வரை போன பிறகு. 2023 ஆகஸ்டில்தான் அங்கேயே ஒரு தளக் காட்சியகம் வந்தது. கோயில் அறநிலையத் துறையிடம். அணைக்கட்டு பொதுப்பணித் துறையிடமிருந்து பெயர் மாறிய நீர்வளத் துறையிடம். ஒவ்வொரு துறைக்கும் ஒரு ஞாபகம். ஒரு துறையின் ஞாபகம் அடுத்த துறையோடு பேசிக்கொள்வதில்லை. வீடுகளுக்குத் துறை இல்லை, அதனால் ஞாபகமும் இல்லை. தார்சாவை இடித்துக் கடையாக்குவார்கள். நாழி ஓட்டைப் பிரித்து மட்டப்பா போடுவார்கள். தேக்கு உத்தரமும் கதவு நிலையும் வியாபாரி கைக்குப் போய், எங்கேயோ ஒரு சுற்றுலா விடுதியில் 'செட்டிநாட்டு மரபு' என்ற பெயரில் நிற்கும்.

தெருவும் அப்படித்தான். பிரதான வீதி என்பது ஏதோ எல்லோரும் நடக்கிற பொதுவெளி என்ற நினைப்பு நம்மிடம் இருக்கிறது. தமிழ்நாட்டின் பிரதான வீதி பெரும்பாலும் தேரோடும் வீதி. அதில் யார் நடக்கலாம், யார் பல்லக்கில் போகலாம், யார் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கெல்லாம் எழுதாத சட்டம் இருந்தது. இதே மாவட்டத்தின் கழுகுமலையில் தேர்வீதியில் நாடார்கள் ஊர்வலம் போகலாமா கூடாதா என்ற தகராறு 1895இல் கொலை வரை போனது. எனவே தெருவின் முகப்பை மட்டும் காப்பாற்றி வைத்தால் வரலாற்றைக் காப்பாற்றியதாகாது. அந்த முகப்பு யாரைப் பார்த்து முறைத்துக்கொண்டு நின்றது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

4

இனிக் கோட்டைக்கு வருவோம். கோட்டைப் பிள்ளைமார் எண்ணிக்கையில் சிறிய ஒரு வேளாளப் பிரிவு. அகமணக் குழு, பெண் எடுப்பதும் கொடுப்பதும் தங்களுக்குள்ளேதான். அவர்களுடைய வீடுகள் மண்மதிலுக்குள் இருந்தன. ஆண்கள் வெளியே போவார்கள், வருவார்கள், நிலபுலன்களைப் பார்ப்பார்கள். பெண்கள் பிறந்ததிலிருந்து சாகும்வரை மதிலைத் தாண்டக் கூடாது. வெளியாண்கள் உள்ளே நுழையக் கூடாது. மதிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஆறு ஓடியது; ஐப்பசி வெள்ளத்தை உள்ளே இருந்த பெண் இரைச்சலாக மட்டுமே அறிந்திருப்பாள்.

காலனிய இனவரைவியலாளர்களுக்கு இந்தக் கோட்டை நல்ல தீனி. 1909இல் வந்த எட்கர் தர்ஸ்டனின் சாதிகள் பற்றிய தொகுதிகளிலும், 1917இல் பேட் தொகுத்த திருநெல்வேலி மாவட்டக் கெசட்டியரிலும் கோட்டை வேளாளர்கள் இடம்பெறுகிறார்கள். எப்படி? 'விநோதம்' என்ற வகையில். வெள்ளை அதிகாரி உள்ளே போக முடியாத இடம் என்பதால் அவனுக்கு அதன்மீது கவர்ச்சி அதிகம். பெண்ணைப் பார்க்க முடியாத இடத்தில் அவன் மதிலைப் பார்த்துவிட்டுத் திரும்பினான். அந்த எழுத்துக்களில் பெண்கள் பேசுவதில்லை. அவர்களைப் பற்றி ஆண்கள் சொன்னதை இன்னொரு ஆண் எழுதிக்கொள்கிறான்.

இந்த மௌனத்தை முதலில் உடைத்தவர் சமூக மானிடவியலாளரான கமலா கணேஷ். கோட்டைச் சமூகத்துக்குள் போய்க் கள ஆய்வு செய்து அவர் எழுதிய நூல் 1993இல் ஆங்கிலத்தில் வந்தது. அதன் தலைப்பிலேயே எல்லைச் சுவர் இருக்கிறது. பெண்ணின் உடலைச் சாதியின் எல்லையாக ஆக்குவது என்ற கோட்பாட்டைக் கோட்டை அளவுக்கு வெளிப்படையாக மண்ணில் கட்டிக் காட்டிய இடம் வேறெங்கும் கிடைப்பது அரிது. ஆனால் அவர் அதை வெறும் சிறைக்கதையாக எழுதிவிடவில்லை என்பதுதான் முக்கியம். அடைப்பும் சொத்தும் அங்கே சேர்ந்தே இருந்தன. மகளுக்கு மஞ்சக்காணியாக நிலம் கொடுக்கும் வழக்கம் நெல்லைச் சீமை வேளாளர்களிடம் உண்டு. நிலம் பெண் பேரில் இருக்கும். அந்த நிலத்தை அவள் ஒருநாளும் மிதித்திருக்க மாட்டாள். சொத்து இருக்கிறது, தெரு இல்லை. இந்த முரண்பாட்டை 'அடிமை' என்ற ஒற்றைச் சொல்லாலும் மூட முடியாது, 'மகாராணி' என்ற ஒற்றைச் சொல்லாலும் மூட முடியாது.

எண்பது தொண்ணூறுகளில் நாம் ஃபூக்கோவை நிறையப் பேசினோம். நடுக்கோபுரத்திலிருந்து எல்லாக் கைதிகளையும் பார்க்க முடிகிற சிறைச்சாலை வரைபடம் நினைவிருக்கும். நவீன அதிகாரம் பார்ப்பதன் வழியாக இயங்குகிறது என்பது அந்த வாசிப்பு. கோட்டையின் வரைபடம் அதற்கு நேர்மாறு. யார் கண்ணிலும் படாமல் இருப்பதே இங்கே உள்ளே இருப்பவளின் மதிப்பு. காவல்காரனுக்கும் கைதி தெரியக் கூடாது. ஐரோப்பியச் சிறையை வைத்து எழுதப்பட்ட கோட்பாட்டைக் கொண்டுவந்து நம்மூர் மதில்மேல் அப்படியே சார்த்திவிட முடியாது என்பதற்கு இது ஒரு சான்று. சாதியின் கட்டிடக்கலைக்கு நாம்தான் கோட்பாடு எழுத வேண்டும். அக்கிரகாரம், சேரி, கோட்டை, வளவு, ஊர்ப்பொதுக் கிணறு எல்லாம் அதன் சொற்கள்.

இன்னொரு கேள்வி கெசட்டியரிலும் இல்லை, நம் பேச்சிலும் இல்லை. மண்மதில் ஒருமுறை கட்டிவிட்டால் நிற்கிற பொருளல்ல. கல்மதிலுக்கும் அதற்கும் அதுதான் வித்தியாசம். ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகும் அது வாய்பிளக்கும், அடி அரிக்கும். மண் வெட்டி, வைக்கோல் சேர்த்து மிதித்துக் குழைத்துத் திரும்பவும் பூச வேண்டும். யார் குழைத்தார்கள்? யார் சுமந்தார்கள்? நெல் விளைந்த வயலில் இறங்கிய கால்கள்தான் இந்த மண்ணையும் மிதித்திருக்கும். அந்தக் கால்களுக்குச் சொந்தக்காரர்களான பெண்கள் வெயிலிலும் சேற்றிலும் நின்றார்கள். அவர்களை மறைக்க யாரும் மதில் எழுப்பவில்லை. ஒரு பெண் வெளியே வராமல் இருப்பதற்காக இன்னொரு பெண் வீட்டுக்குப் போக முடியாமல் வயலில் நின்றாள். கோட்டையின் முழு வரைபடம் மதிலோடு முடிவதில்லை. அது வயலையும் சேரியையும் சேர்த்து வரையப்பட வேண்டியது. மதிலுக்குள்ளே இருந்தவளின் அடைப்பும் வெளியே இருந்தவளின் வெளிப்பாடும் ஒரே ஏற்பாட்டின் இரண்டு பக்கங்கள்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்த ஏற்பாடு குலைந்தது. ஆட்கள் குறைந்தார்கள். நில உறவுகள் மாறின. படிப்பும் வேலையும் வெளியே இழுத்தன. குடும்பங்கள் வெளியேறின, மதிலுக்கு மண் பூச ஆளில்லை. அதன் வம்சாவளியினர் இன்று மற்ற எல்லோரையும் போலப் பல ஊர்களில் வாழ்கிறார்கள். நல்லது. பெண்கள் வெளியே வந்ததில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த மதில் எந்தப் போராட்டத்திலும் விழவில்லை, எந்தச் சட்டமும் அதைக் காக்கவுமில்லை. அது கேட்பாரில்லாமல் மழையில் கரைந்தது. கணக்கு முடிக்காமல் கடையைச் சாத்தியது மாதிரி.

5

இதே மாவட்டத்தில் இன்னொரு கோட்டைக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம். பாஞ்சாலங்குறிச்சி. 1799 அக்டோபர் 16இல் கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். 1801இல் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து கோட்டையைத் திரும்ப எழுப்பினார். அதுவும் மண்கோட்டைதான். அந்த ஆண்டு மே மாதம் அது விழுந்தபோது கும்பினியார் தரைமட்டமாக்கி, அங்கே அப்படி ஒரு ஊரே இருந்ததில்லை என்பது போல ஆக்கினார்கள். பிறகு நாட்டுப்புறக் கதைப்பாடல், நாடகம், 1959இல் சினிமா, 1974இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை. இன்று சுற்றுலாப் பேருந்து போய் நிற்கிறது. பிள்ளைகள் சிலைக்கு முன்னால் நின்று வசனம் பேசுகிறார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும். எதிரி இடித்த கோட்டையை நாம் சிமெண்டில் திரும்பக் கட்டினோம். நாமே கட்டி நின்றுகொண்டிருந்த கோட்டையை மழைக்கு விட்டோம். ஒன்றில் எதிரி வெளியே இருந்து வந்தவன். அவனைப் பற்றிப் பேசுவது சுலபம், பெருமையும்கூட. இன்னொன்றில் எதிரி என்று கையை நீட்டினால் விரல் நம் வீட்டுப் பக்கமே திரும்பும். திராவிட இயக்க ஆட்சிகளின் நினைவுச் சின்ன அரசியல் ஆரியன், வெள்ளையன், வடவன் என்ற வெளிப்பகையை வைத்துக் கட்டப்பட்டது. அதற்குள் கோட்டைப் பிள்ளைமார் மதிலுக்கு இடமிருக்கவில்லை. தமிழ்ப் பெருமைக்கும் அது உதவாது, பகுத்தறிவுப் பிரச்சாரத்துக்கும் கொஞ்சம் சங்கடம். இந்த ஊருக்கு ஞாபகம் வைத்துக்கொள்ளத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. ஐந்து வயதுவரை பேசாதிருந்து பிறகு திருச்செந்தூரில் வாய் திறந்ததாகச் சொல்லப்படும் குமரகுருபரர் பிறந்த ஊர் இது. அவர் பெயரில் கல்லூரி இருக்கிறது. கடைசிவரை பேசவே விடப்படாதவர்களின் பெயரில் ஒரு பலகைகூட இல்லை.

6

இங்கே இரண்டு பக்கத்திலிருந்தும் மறுப்பு வரும்.

ஒன்று நம் தோழர்களிடமிருந்து. 'சாதிக் கோட்டைக்கு மராமத்தா? அதுவும் ஜனங்க வரிப்பணத்திலயா? கரைஞ்சு போனதே நல்லது, தொலையட்டும்.' இந்தக் கோபத்தை மதிக்கிறேன். உத்தப்புரம் நம் கண்முன்னால் நடந்தது. 1989 கலவரத்துக்குப் பின் எழுப்பப்பட்டுத் தலித்துகளின் பாதையை மறித்து நின்ற சுவர். 2008 மே 6ஆம் தேதி அதில் ஒரு பகுதியை உடைக்க எத்தனை போராட்டம் வேண்டியிருந்தது. 2019 டிசம்பர் 2இல் மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு வீட்டுச் சுற்றுச்சுவர் மழையில் சரிந்து 17 தலித்துகளைக் கொன்றது. சுவர் என்ற சொல்லைக் கேட்டாலே நமக்குக் கடப்பாரை ஞாபகம் வருவது நியாயம்.

ஆனால் ஒரு வேறுபாட்டை நாம் பழகிக்கொள்ள வேண்டும். இன்னும் ஒருவரை நிறுத்துகிற சுவர் வேறு. யாரையும் நிறுத்தும் வலுவை இழந்த சுவர் வேறு. முதலாவது குற்றம், அதை இடிக்க வேண்டும், இன்றைக்கே இடிக்க வேண்டும், அது எத்தனை நூற்றாண்டுப் பழமையானாலும் சரி. இரண்டாவது சாட்சியம். நடந்துகொண்டிருக்கும் குற்றத்தை நிறுத்துகிறோம்; முடிந்துபோன குற்றத்தின் தடயத்தை அழிப்பது யாருக்கு லாபம்? குற்றம் செய்தவனுக்குத்தான். 'எங்க ஊர்ல அப்படியெல்லாம் ஒண்ணும் இருந்ததில்லையே' என்று நாளைக்கு ஒருவர் மேடையில் பேசும்போது காட்டுவதற்கு நம்மிடம் என்ன இருக்கும்? சாதியே வெள்ளைக்காரன் உண்டாக்கியது என்று வாதிடுகிறவர்கள் பெருகிவிட்ட காலம் இது. மண்ணில் எழுதி வைத்திருந்த மறுப்பை நாம் மழைக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறோம்.

இதற்கும் ஸ்காட்லாந்தில் ஒரு எடுத்துக்காட்டு உண்டு. கோல்ஸ்பி என்ற சின்ன ஊருக்கு மேலே மலையுச்சியில் முதலாம் சதர்லாந்து பிரபுவின் சிலை ஏறத்தாழ நூறடி உயரத்துக்கு நிற்கிறது. ஆட்டு மந்தைகளுக்காக ஆயிரக்கணக்கான குடியானவர்களை நிலத்தைவிட்டு விரட்டிய குடும்பம் அது. 1994இல் அந்தச் சிலையை அகற்ற முறைப்படி முயற்சி நடந்தது, நடக்கவில்லை. ஆனால் அந்த விவாதத்தால் சிலையின் அர்த்தம் மாறிவிட்டது. இன்று அங்கே ஏறுகிறவர் பிரபுவின் பெருமையை மட்டும் வாசித்துவிட்டு இறங்க முடியாது. விரட்டப்பட்டவர்களின் கதையும் கூடவே வரும். அவர்களுடைய கைகளில் சிலை தனக்கே எதிரான சாட்சியாக மாறியிருக்கிறது.

இரண்டாவது மறுப்பு மரபு ஆர்வலர்களிடமிருந்து. அவர்களுக்குக் கோட்டை பிடிக்கும். மண் கட்டுமானம், சுற்றுச்சூழலுக்கு உகந்தது, வெயிலுக்குக் குளிர்ச்சி என்பார்கள். 'பெண்களைத் தெய்வமா வச்சிருந்தாங்க' என்பார்கள். அவர்கள் கையில் கொடுத்தால் நாளைக்கே மதிலைச் செப்பனிட்டு, வாசலில் கோலம் போட்டு, டிக்கெட் கிழித்துக் கொடுப்பார்கள். செட்டிநாட்டு வீடுகளுக்கு அதுதானே நடந்தது? பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கணக்கு எழுதிய வரலாறு ஆத்தங்குடிக் கல்லின் பளபளப்பில் வழுக்கிக் காணாமல் போயிற்று. இப்படிக் காப்பாற்றுவது இடிப்பதைவிட மோசம். இடித்தால் ஞாபகமாவது மிஞ்சும்.

அதனால் பட்டியல் வேண்டும் என்கிறேன்; ஆனால் பட்டியலின் வாசகத்தை யார் எழுதுவது என்பதில்தான் சண்டை. உயரம் இத்தனை அடி, அகலம் இத்தனை அடி என்ற அளவுக்குறிப்பு தொல்லியல் துறைக்குப் போதும். நமக்கு மூன்று கேள்விகள் வேண்டும். இதை யார் கட்டினார்கள், ஆண்டுதோறும் யார் பூசினார்கள்? இது யாரை நிறுத்தியது? இது நின்றதால் யார் வீட்டில் நெல் குவிந்தது? கோட்டைக்கு மட்டுமல்ல, கோயில் மதிலுக்கும் அணைக்கட்டுக்கும் கடைத்தெருக் காரைவீட்டுக்கும் பெய்ஸ்லியின் தேவாலயத்துக்கும் இந்த மூன்று கேள்விகளும் பொருந்தும். இவற்றுக்குப் பதில் இல்லாத பட்டியல் வெறும் சொத்துக்கணக்கு.

துறைகள் இதைச் செய்யும் என்று காத்திருக்கத் தேவையில்லை. செய்யவும் செய்யா. தமிழில் இந்த வேலைக்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். தொ.பரமசிவன் கோயிலையும் தெருவையும் வழக்காற்றையும் சேர்த்து வாசித்துக் காட்டினார். ஆ.சிவசுப்பிரமணியன் இதே கரையில் இருந்துகொண்டு அடிமைமுறையின் ஓலைகளையும் வாய்மொழி வழக்காறுகளையும் தேடி எழுதினார். அந்த வழியில் ஒரு பத்துப் பேர் போதும். கோட்டைக்குள் பிறந்து வளர்ந்து மிஞ்சியிருப்பவர்கள் இப்போது மூதாட்டிகள். மதில் பூசிய குடும்பங்களிலும் அப்படித்தான். பாட்டி சொன்னாள் என்று சொல்லக்கூடியவர்கள் இருக்கிற கடைசிக் காலம் இது. இரண்டு பக்கத்துக் கிழவிகளையும் கேட்டு எழுத வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் திரும்பவும் பாதிக் காணிக்கைதான்.

அவசரம் என்பது சொல்லுக்குச் சொன்னதல்ல. 2023 டிசம்பர் 17ஆம் தேதி இரவு பெய்த மழையில் தாமிரபரணி கரையுடைத்து, ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் எண்ணூறு பேரோடு செந்தூர் எக்ஸ்பிரஸ் மாட்டிக்கொண்டது நாட்டுக்கே தெரியும். அந்த வெள்ளத்தில் வட்டாரம் முழுக்க எத்தனை மண்சுவர்கள் சரிந்தன என்பதை யாரும் மரபு இழப்பு என்ற கணக்கில் எழுதவில்லை. வீட்டு நிவாரணக் கணக்கோடு சரி. அடுத்த வெள்ளம் எப்போது என்று யாருக்கும் தெரியாது. மதிலில் மிஞ்சிய மண்ணை அது கொண்டுபோனால் போகட்டும். மதிலுக்கு உள்ளும் புறமும் நின்ற பெண்களின் பேச்சு அதற்குள் தாளில் ஏறிவிட வேண்டும்.